வயர்மேன் வீட்டு கிரில்

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. திருச்சி தில்லைநகரில் ஒரு வீட்டிலிருந்து போன். "அண்ணே, சிக்கன் சுடுற புது கரண்ட் கிரில் வாங்கி இன்னைக்குத்தான் போட்டோம். பத்து நிமிஷத்துல ஏதோ கருகுற வாடை. சிக்கன் இல்ல, வேற என்னமோ." போய்ப் பார்த்தேன். கிரில் நன்றாகத்தான் இருந்தது. கருகியது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஓர் ஓட்டையைச் சுற்றி டீக்கறை மாதிரி பழுப்பு. ஸ்க்ரூ கழற்றித் திறந்தால், உள்ளே பித்தளைப் பட்டை நிறம் மாறி, வயரின் தோல் வடை ஓரம் போல முறுகிக் கிடந்தது. கிரில்லோடு வந்தது மூன்று தடித்த பின் உள்ள பெரிய பிளக். அது சின்ன சாக்கெட்டில் நுழையவில்லை என்று முப்பது ரூபாய்க்கு ஒரு கன்வர்ஷன் பிளக் வாங்கி, அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, அந்த பாக்ஸை டி.வி. போர்டில் கொடுத்திருந்தார்கள்.

நான் வயரிங் வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலும் என்னுடையதுதான். அதனால் கிரில் பற்றி யார் கேட்டாலும் மசாலாவுக்கு முன்னால் பிளக்கைப் பற்றித்தான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரில்லைத் திருப்பினால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் எத்தனை வாட் என்று பாருங்கள். என்னுடையது 2000 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்ப் வருகிறது. லைட், ஃபேன் சுவிட்ச் போர்டில் இருக்கிற சின்ன சாக்கெட் 6 ஆம்ப்புக்கு உரியது. அதற்கு சுவருக்குள் ஓடுவதும் 1 அல்லது 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர். பவர் பிளக் என்று நாம் சொல்கிற 16 ஆம்ப் சாக்கெட்டுக்கு 2.5 அல்லது 4 ஸ்கொயர் எம்.எம். போட்டிருப்பார்கள். 750 வாட் சாண்ட்விச் மேக்கர் என்றால் மூன்றரை ஆம்ப்கூட எடுக்காது, சின்ன சாக்கெட்டே போதும். 1000 வாட்டைத் தாண்டினால் பவர் பிளக்தான். பெரிய பின்னை வேண்டுமென்றேதான் சின்ன ஓட்டையில் நுழையாதபடி செய்திருக்கிறார்கள். கன்வர்ஷன் பிளக் வாங்குகிறவர்கள் காசு கொடுத்து அந்தப் பாதுகாப்பைக் கழற்றிப் போடுகிறார்கள்.

அடுப்படியில் பவர் பிளக் ஒன்றுதான் இருக்கிறது, அதில் மைக்ரோவேவ் ஓடுகிறது என்றால் ஒன்று மாற்றி ஒன்று போடுங்கள். கரண்ட் போய் வீடு இன்வெர்ட்டரில் ஓடும்போது கிரில்லைத் தொடவே வேண்டாம். பில்லைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: 2000 வாட் அரை மணி நேரம் விடாமல் எரிந்தால்தான் ஒரு யூனிட். நடுவில் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடும் என்பதால் அதைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

சரி, மெஷினுக்கு வருவோம். கடையில் கிரில் என்ற பெயரில் இரண்டு விதமான சாமான் விற்கிறது. ஒன்று, மேலே கம்பி வலை, நடுவில் சிவக்கிற ஹீட்டர், அடியில் தண்ணீர் ஊற்றுகிற தட்டு. திறந்தே இருக்கும். சுடும்போது சொட்டுகிற கொழுப்பு தண்ணீரில் விழுவதால் புகை குறையும். ஆனால் நாம்தான் திருப்பிப் போட்டுக்கொண்டே நிற்க வேண்டும். இன்னொன்று மேலும் கீழும் வரி வரியான நான்ஸ்டிக் தட்டு, புத்தகம் போல மூடுவது. என்னிடம் இருப்பது இது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேகும். தோசைக்கல்லில் ஆகிற நேரத்தில் பாதிதான். மூடியின் கீல் ஆடும்படி இருக்கிறதா என்று வாங்கும்போதே தூக்கிப் பாருங்கள். உள்ளே வைக்கிற துண்டின் தடிமனுக்கேற்ப மூடி மேலெழுந்து, சாய்வில்லாமல் சமமாக உட்கார வேண்டும். கீல் ஆடாவிட்டால் பின்பக்கம் நசுங்கி, முன்பக்கம் பச்சையாக நிற்கும்.

இந்த மாதிரி மெஷினை உலகம் முழுக்கப் பிரபலப்படுத்தியது குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மன். 1974-ல் கின்ஷாசாவில் முகமது அலியிடம் தோற்றாரே, அவர்தான். 1994-ல் அவர் பெயரில் கிரில் சந்தைக்கு வந்தது. அதே வருஷம் 45 வயதில் மறுபடி ஹெவிவெயிட் பட்டத்தையும் ஜெயித்தார். அந்த கிரில் பத்துக் கோடிக்கு மேல் விற்றது. அதன் விசேஷம் தட்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்திருப்பது: கொழுப்பு வழிந்து கீழே கிண்ணத்தில் சொட்டிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் அதே சரிவில் நம்ம ஊர் மசாலாவும் வழிந்து போகும் என்பதை நான் முதல் நாளே தெரிந்துகொண்டேன்.

அந்த முதல் நாள் கதை இது. தந்தூரிக்குக் கலக்குவது போலப் புளிக்காத தயிரை நிறைய ஊற்றி, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு போட்டு முக்கால் கிலோ சிக்கனை ஊறவைத்தேன். பாத்திரத்திலிருந்து அப்படியே அள்ளி வைத்து மூடினேன். புஸ்ஸென்று ஆவி. இரண்டு நிமிஷத்தில் கிண்ணம் நிரம்பி மேடையில் சிவப்புத் தண்ணீர் ஓடியது. உள்ளே சிக்கன் வறுபடவில்லை, அவிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு நிமிஷம் கழித்து எடுத்த துண்டு சாம்பல் நிறத்தில், வரி விழாமல், குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய மாதிரி இருந்தது. மனைவி ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்து, "என்னங்க, நடுவுல இன்னும் வேகல" என்றாள். மகள் எதுவும் சொல்லாமல் ஊறுகாயை எடுத்து வைத்துக்கொண்டாள்.

சந்தேகம் வந்து மல்டிமீட்டரை எடுத்து சாக்கெட்டில் வைத்துப் பார்த்தேன். 192 வோல்ட். ராத்திரி ஏழரை மணி, தெரு முழுக்க ஏ.சி. ஓடுகிற நேரம். வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டரின் சூடு அதே அளவில் குறையாது, அதன் வர்க்கத்தில் குறையும். 230-க்குப் பதில் 192 வந்தால் 2000 வாட் கிரில் 1400 வாட்கூடத் தராது. தப்பு பாதி தயிரில், பாதி கம்பத்தில். அதிலிருந்து எங்கள் வீட்டில் கிரில் என்றால் மத்தியானம்தான். ராத்திரியில் செய்தே தீர வேண்டுமென்றால் ஒரு தடவையில் நாலே துண்டு வைப்பேன்.

அன்றைக்குப் புரிந்த விஷயம், கிரில்லுக்கு எதிரி ஈரம். தண்ணீர் இருக்கிற வரை தட்டின் சூடெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே போய்விடும். மேல்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. அது 140 டிகிரியைத் தாண்டினால்தான் நமக்கு வேண்டிய சிவந்த நிறமும் வாசனையும் வரும். அதனால் என்ன வைத்தாலும் சரி, முதலில் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து ஈரம் போக்குங்கள்.

இப்போது நான் சிக்கன் செய்கிற முறையைச் சொல்கிறேன். அரை கிலோ எலும்பில்லாத தொடைக்கறி. நெஞ்சுக்கறியைவிட இது தேவலை, ஒரு நிமிஷம் கூடப் போனாலும் வறண்டு போகாது. நெஞ்சுக்கறிதான் கிடைத்தது என்றால் கத்தியைப் படுக்கப் போட்டு இரண்டாகப் பிளந்து, பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து சப்பாத்திக் கட்டையால் லேசாகத் தட்டி, எல்லா இடத்திலும் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும்படி செய்துகொள்ளுங்கள். தடிமன் சமமாக இல்லாவிட்டால் மூடி உயரமான துண்டின் மேல் மட்டும் உட்காரும்.

முக்கால் ஸ்பூன் உப்பு, அரை மூடி எலுமிச்சை, ஒன்றரை ஸ்பூன் மிளகாய்த்தூள் தடவி இருபது நிமிஷம் வையுங்கள். கசிகிற தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அப்புறம் துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் மூன்று மேசைக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது ஒன்று, கொஞ்சம் மஞ்சள், கரம் மசாலா, கடலை எண்ணெய் இரண்டு. கடைசியாகப் பொட்டுக்கடலையை மிக்ஸியில் பொடித்து ஒரு மேசைக்கரண்டி. அந்தப் பொடி மிச்ச ஈரத்தைக் குடித்து மசாலாவைக் கறியோடு பிடித்துவைக்கும். ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்தால் மசாலா சொட்டக்கூடாது, தோசைமாவு போல வழியவும் கூடாது. இட்லிக்கு அரைத்த உளுந்து மாதிரி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் இருந்தால் நல்லது.

கிரில்லை மூடியபடியே சூடேற்றுங்கள். பச்சை லைட் எரிந்ததும் அவசரப்படாதீர்கள். தெர்மோஸ்டாட் இருக்கிற இடம் சூடாகிவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். தட்டின் ஓரம் வர இன்னும் இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். விரலை நனைத்து ஒரு சொட்டுத் தெளித்தால், சொட்டு உட்கார்ந்து கொதிக்காமல் உருண்டோடி மறைய வேண்டும். அப்போது துண்டுகளை ஒன்றோடொன்று முட்டாமல் வைத்து மூடுங்கள். முதல் மூன்று நிமிஷம் திறக்காதீர்கள். ஒட்டியிருக்கிற கறி முறுகியதும் தானாக விடும், முன்னாலேயே இழுத்தால் தோல் தட்டிலேயே தங்கிவிடும். 200 டிகிரியில் ஆறு ஏழு நிமிஷம். குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் இப்போது சல்லிசாகவே கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 74 டிகிரி காட்டினால் சிக்கன் வெந்தது, நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். எடுத்ததும் தட்டில் மூன்று நிமிஷம் சும்மா விடுங்கள். ஊறவைத்த பாத்திரத்தில் மிஞ்சிய மசாலாவை மேலே தடவாதீர்கள், அது பச்சைக்கறி பட்டது. லெக் பீஸ் இந்த மூடுகிற கிரில்லுக்கு ஆகாது. மூடி எலும்பில் முட்டி நிற்கும், வெளியே கருகி எலும்போரம் ரத்தமாக இருக்கும். அதற்குக் கம்பிவலை கிரில்தான்.

மீன் எனக்குப் பிடித்த பகுதி. உறையூர் மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கினால் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் வெட்டச் சொல்லுங்கள். மெல்லிசாக வெட்டினால் உதிரும். கழுவி, நன்றாக ஒற்றி, மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, சோம்புப்பொடி, உப்பு, எலுமிச்சையை எண்ணெய் விட்டுக் குழைத்துப் பூசி இருபது நிமிஷம். அதற்கு மேல் எலுமிச்சையில் ஊறினால் சதை வெந்த மாதிரி வெளுத்து உதிரத் தொடங்கும். செக்கு நல்லெண்ணெய் ருசிதான், ஆனால் இந்தச் சூட்டில் சீக்கிரம் புகையும். ரீஃபைண்டு கடலை எண்ணெய் தாங்கும். மூடி மீனை அழுத்தாமல் மேலே சும்மா படுகிற மாதிரி வைக்க, சில கிரில்லில் பக்கவாட்டில் உயரம் நிறுத்துகிற கொக்கி இருக்கும். நாலு ஐந்து நிமிஷம் போதும். மத்தி வைப்பதாக இருந்தால் கிரில்லைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அதன் கொழுப்புக்கு வீடே புகைந்துவிடும், திரைச்சீலையில் மூன்று நாள் வாசனை நிற்கும்.

முழு மீனுக்கு வாழையிலை. மலையாளத்தில் பொள்ளிச்சது என்பார்களே, அந்த முறை. கால் கிலோ சங்கராவை இரண்டு பக்கமும் கீறி மசாலா தடவி அரை மணி நேரம் வையுங்கள். சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, கறிவேப்பிலை வதக்கித் தண்ணீர் சுண்டிய தொக்காக எடுத்துக்கொள்ளுங்கள். இலையின் நரம்பைச் சீவிவிட்டு, கேஸ் தீயில் மேலாக ஓட்டுங்கள். வெளிர்பச்சை அடர்ந்து, மேலே எண்ணெய் பூசியது போல ஒரு பளபளப்பு தீயோடு கூடவே நகர்ந்து போகும். அது போன இடமெல்லாம் இலை துணி மாதிரி மடங்கும், போகாத இடம் கிழியும். உள்பக்கம் எண்ணெய் தடவி, தொக்கு, மீன், மறுபடி தொக்கு வைத்து மடித்து, வாழைநாரால் ஒரு கட்டு. கிரில்லில் பன்னிரண்டிலிருந்து பதினாலு நிமிஷம், திருப்ப வேண்டியதே இல்லை. இலை பழுப்பாகி ஓரம் மொறுமொறுவென்று ஆகும். பிரித்து, நடுமுள் ஓரம் சதை முள்ளைவிட்டுக் கழன்று வருகிறதா என்று பாருங்கள். ஈரம்தான் எதிரி என்றேன், இங்கே மட்டும் அது நம் கட்சி: இலைக்குள்ளேயே ஆவியில் வேகும், தட்டில் ஒரு பொட்டு மசாலாகூட ஒட்டாது. தேய்க்கிற வேலை மிச்சம் என்பதால் எங்கள் வீட்டில் இதற்குத்தான் ஓட்டு அதிகம்.

காய்கறி லேசான வேலை. வெண்டைக்காயை முழுசாக, காம்பு மட்டும் நறுக்கி, உப்பும் எண்ணெயும் புரட்டி வைத்தால் ஐந்து நிமிஷத்தில் வழவழப்பில்லாமல் வெந்துவிடும். பனீர் மூன்று நிமிஷம். சேனை, சர்க்கரைவள்ளி இரண்டையும் அரைவேக்காடு வேகவைத்துத்தான் வைக்க வேண்டும். சோளக்கதிர் குக்கரில் ஒரு விசில், அப்புறம் கிரில்லில் உருட்டி உருட்டி. நேற்றைய இட்லி ஃப்ரிட்ஜில் கல்லாகியிருந்தால் நீளவாக்கில் வெட்டி, பொடியும் எண்ணெயும் தடவி மூன்று நிமிஷம் வைத்துக் கொடுங்கள், பிள்ளைகள் சத்தமில்லாமல் சாப்பிடும். அடை மாவு ஊற்றிப் பார்த்தேன், சரிவில் ஓடிவிட்டது. சப்பாத்தி அப்பளமானது.

கத்திரிக்காய் கொத்சுக்கு மட்டும் ஒரு சூது உண்டு. கிரில்லில் வேகும், ஆனால் தீயில் சுட்ட வாசனை வராது. அரை அங்குல வட்டமாக நறுக்கி, உப்புத் தூவிப் பத்து நிமிஷம் விட்டு, ஒற்றி, எட்டு நிமிஷம் கிரில் செய்து மசித்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு கொட்டாங்குச்சிக் கரியைக் கேஸ் தீயில் இடுக்கியால் பிடித்துச் சிவக்க விடுங்கள். மசியலின் நடுவே சின்னக் கிண்ணத்தில் கரியை வைத்து, அரை ஸ்பூன் நெய் விட்டதும் புகை குபுகுபுவென்று வரும். உடனே மூடி மூன்று நிமிஷம். அதற்கு மேல் விட்டால் கசக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஒரே நாளில் எல்லாம் செய்வதென்றால் முதலில் காய், அப்புறம் சிக்கன், கடைசியில் மீன்.

கழுவுவதில்தான் பாதி கிரில் சாகிறது. பிளக்கைப் பிடுங்கிப் பத்துப் பதினைந்து நிமிஷம் விடுங்கள். சூடான தட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கோட்டிங் விரிசல் விடும். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் பழைய பனியன் துணியை நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, இரண்டாக மடித்துத் தட்டுகளுக்கு நடுவில் வைத்து மூடுங்கள். ஐந்து நிமிஷத்தில் ஒட்டியதெல்லாம் ஊறிவிடும். வரிகளுக்குள் ஐஸ் குச்சியில் துணி சுற்றித் தள்ளுங்கள். கம்பி நார், ஸ்டீல் கரண்டி இரண்டும் கூடவே கூடாது. எண்ணெய் ஸ்ப்ரே டப்பாவும் வேண்டாம். அதில் இருக்கிற லெசித்தின் சூட்டில் பிசின் மாதிரி படிந்து, கொஞ்ச நாளில் நான்ஸ்டிக்கே ஒட்ட ஆரம்பிக்கும். பிரஷ்ஷால் சாப்பாட்டின் மேலேயே எண்ணெய் தடவுங்கள். காலியாக ஹை-யில் வைத்துவிட்டு போன் பேசப் போகாதீர்கள், 260 டிகிரிக்கு மேல் அந்தக் கோட்டிங் சிதையத் தொடங்கும். தட்டு கழலாத மாடல் என்றால் குழாயடிக்குக் கொண்டுபோகும் பேச்சே இல்லை. கிண்ணத்துக் கொழுப்பை சிங்க்கில் ஊற்றாமல் காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போடுங்கள்.

இன்னொன்று. மாதக்கணக்கில் பரணில் கிடந்த கிரில்லைப் போட்டதும் வீட்டு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற பாதுகாப்பு சுவிட்ச்) டிரிப் ஆகிறது என்று மழைக்காலத்தில் வருஷம் தவறாமல் இரண்டு மூன்று போன் வரும். ஹீட்டருக்குள் இருக்கிற வெள்ளைப் பொடி காற்றின் ஈரத்தை உறிஞ்சி, கரண்டைக் கொஞ்சம் எர்த்துக்குக் கசியவிடும். சுவிட்சை டேப் போட்டுப் பிடித்துக்கொண்டு ஓட்டப் பார்ப்பது, எர்த் பின்னை வெட்டிவிடுவது, இதெல்லாம் உயிருக்கு உலை. பிளக்கை எடுத்துவிட்டு இரண்டு நாள் நல்ல வெயிலில் திறந்து வைத்துப் பாருங்கள். அப்படியும் டிரிப் ஆனால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். எங்கள் வீட்டிலும் கவுச்சி பட்ட சாமான் என்று புரட்டாசி பூராவும் அது பரணில்தான் இருக்கும். மாதம் முடிகிற வாரத்தில் மொட்டைமாடிக் கொடியில் துணி காயும், கீழே வாயைப் பிளந்துகொண்டு கிரில் காயும்.